மணல்மேட்டில் இல்லாத முட்டைகள்

நாலே நாலு நாள். றிப்தி கேட்டது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மோட்டார் சைக்கிளை நேரே தெற்கே விட்டான். கல்முனையிலிருந்து தாழங்களப்புக்கு முக்கால் மணி நேர ஓட்டம். ஞாயிறு இரவு பிடித்த மழை இன்னும் விடவில்லை. மழைக்கோட்டின் உள்பையில், பொலித்தீன் உறைக்குள், அவன் கைப்பட எழுதிய ஒரு கடிதம் நனையாமல் இருந்தது.

'களப்புக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல்மேட்டில் ஆலாக் குருவிகள் முட்டையிட்டிருப்பதை நேரில் கண்டேன். ஆகவே எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை வரை அவ்விடத்தில் இயந்திரம் எதனையும் இறக்க அனுமதிக்க வேண்டாம். ஏ. எம். றிப்தி, விஞ்ஞான ஆசிரியர், செயலாளர், தாழங்களப்பு நண்பர்கள் சங்கம்.'

அந்தக் கடிதத்தில் உண்மையாக இருந்தவை அவனுடைய பெயரும் பதவியும் மட்டும்தான்.

தாழங்களப்புப் பறவைகள் சரணாலயத்தின் பொறுப்பதிகாரி பவிதரன் திருக்கோவில்காரன். வேலைக்கு வந்து ஏழு மாதம். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தான்.

"நல்லவேளை சேர், சொன்னீங்க. நாளைக்கு விடிய பெக்கோ இறங்க இருந்தது. வயல்காரர் எல்லாம் கையெழுத்து வெச்சுத் தந்திட்டாங்க. எத்தின கூடு சேர்?"

"மூணு."

"நான் ஒருக்காப் போய்ப் பாத்து..."

"வேணாம், வேணாம். ஆள் வாடை பட்டா தாய்க் குருவி திரும்பி வராது. சுத்திவர ஒரு நாடாவைக் கட்டி விடுங்க, போதும்."

பவிதரன் தலையாட்டினான். பாவம், நேர்மையானவன். நேர்மையானவனை ஏமாற்ற ஒரு கடிதமும் ஒரு 'சேர்' பட்டமும் போதுமாயிருந்தன.

தாழங்களப்பு என்ற அந்தக் கடலோர ஏரியைச் சுற்றி நானூறு ஏக்கர் வயல். மாரி மழைக்குக் களப்பு நிரம்பும். நிரம்பிய தண்ணீர் போக வழியில்லாமல் மணல்மேடு குறுக்கே கிடக்கும். அதை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட்டால்தான் வயல் தப்பும். 'வாய் வெட்டுறது' என்பார்கள். முன்பெல்லாம் ஊரே மண்வெட்டியோடு இறங்கும். இப்போது மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். ஆனால், மணல்மேடு சரணாலயத்தின் எல்லைக்குள் போனதிலிருந்து அலுவலகம் ஓம் என்றால்தான் பெக்கோ இறங்கலாம்.

இந்த வருடம் மழை பிந்தியது. பிந்தி வந்தது மொத்தமாய் வந்தது. நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது. கதிர் இன்னும் வெளியே வரவில்லை, இலைமடிக்குள் கருவாய் இருக்கிறது. அந்த நேரத்தில் நெல்லுக்குத் தலைக்கு மேல் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பது விஞ்ஞான ஆசிரியனுக்குத் தெரியாததல்ல.

அந்த நானூறில் மூன்று ஏக்கர் அவனுடைய மனைவி முஸ்பிறாவினுடையது. கலியாணத்தின்போது வீட்டோடு சேர்த்து அவளுடைய வாப்பா கொடுத்தது. உரம் கிடைக்காத வில்லங்கத்தில் ஒரு போகம், வெள்ளத்தில் ஒரு போகம் என்று இரண்டு போகம் கைவிட்டுப்போன வயல். இந்தப் பெரும்போகத்துக்கு முஸ்பிறா தானே இறங்கினாள். விதைநெல்லைத் தானே பார்த்து எடுத்தாள். வரம்பு கட்டும்போது குடையோடு போய் நின்றாள்.

இதெல்லாம் தெரிந்துதான் கடிதம் எழுதினான்.

ஏன்? ஆறு வருடமாய் அவன் கொழும்புப் பறவை ஆர்வலர் சங்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தான். ஆறு வருடமும் அவர்கள் மாரிக்காலப் பயணத்துக்கு வேறெங்கோதான் போனார்கள். இந்த வருடம், ஒருவழியாக, 'வருகிறோம்' என்று பதில் வந்தது. வருகிற சனிக்கிழமை. சங்கத்தின் தலைவி, பறவை ஆய்வாளர் கலாநிதி யசோதினியே வருகிறார். அவர் கண்டு எழுதினால் தாழங்களப்பு நாட்டின் முக்கிய பறவைத் தலங்களின் பட்டியலில் ஏறும். அதைக் கண்டுபிடித்துக் காட்டியவன் என்று றிப்தியின் பெயரும் ஏறும்.

போன ஞாயிறு, மழை பிடிக்கும் முன், அவன் தன் கண்ணாலேயே பார்த்தான். பூநாரைகள் மட்டும் முன்னூறுக்கு மேல். தாராக்களும் உள்ளான்களும் எண்ண முடியாமல். போன வருடம் வாயை அகலப்படுத்த வந்த பெக்கோ உறுமிய உறுமலில் அத்தனை பறவையும் ஒரே வீச்சில் எழும்பிப் போனதையும் அவன் பார்த்திருக்கிறான். அதைப் படம் பிடித்து, 'வாய் வெட்டுகிறார்கள், சிறகுகள் பறக்கின்றன' என்று முகநூலில் போட்டிருந்தான், எண்ணூறு பேர் அழுமுகம் போட்டிருந்தார்கள்.

இந்தச் சனிக்கிழமை மட்டும் பெக்கோ வராமல் இருந்தால் போதும். நாலு நாள். நெல் நாலு நாள் தாங்காதா?

தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். புதன், வியாழன் இரண்டு நாளும் களப்புப் பக்கம் போகவில்லை. பறவையைப் பார்க்கப் போனால் வயலையும் பார்க்க வேண்டிவரும்.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது வாசலில் சேறு அப்பிய செருப்பு ஒரு சோடி கிடந்தது. முஸ்பிறா 'காக்கா' என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன் சரீப். தாழங்களப்பு வயல்வட்டைக்கு அவர்தான் வட்டவிதானை. வாய்க்கால், வக்கடை, வெள்ளம் எல்லாவற்றுக்கும் வயல்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள்.

"தண்ணி குடலைக்கு மேல ஏறிட்டு மச்சான்," என்றார் சரீப். கதிரையில் உட்காரவில்லை. சாரம் முழங்கால் வரை ஈரம். "இலை நுனிதான் தெரியுது. இண்டைக்கி வெட்டினாக்கூட பாதி தப்பும். ஞாயித்துக்கிழமை வெட்டினா வைக்கல்தான் மிஞ்சும். அதையும் மாடு தின்னுமோ என்னவோ."

"அவ்வளவு மோசமா?"

"வந்து பாருங்களன். மழைக்குப் பிறகு உங்களக் கண்ட ஆளில்ல. ஆரோ ஒரு குருவிக்காரன் முட்ட இரிக்கி எண்டு கடிதம் குடுத்திரிக்கான். சரணாலயத்துத் தம்பி பேரைச் சொல்றானில்ல. சங்கத்தில இருந்து வந்த எண்டு மட்டும் சொல்றான். உங்கட சங்கம்தானே மச்சான்?"

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"சங்கத்தில எண்பது பேர் இரிக்காங்க," என்றான் றிப்தி. "கொழும்பில இருக்கிறவங்களும் இரிக்காங்க. ஆர் அனுப்பினதோ."

முஸ்பிறா வெளியே வந்தாள். நாளை வரும் பதினான்கு பேருக்கு நெய்ச்சோறும் இறால் பொரியலும் வட்டிலப்பமும் தானே செய்வதாக அவள்தான் சொல்லியிருந்தாள். கையெல்லாம் தேங்காய்ப் பூ.

"நீங்கதானே செயலாளர். உங்களுக்குத் தெரியாம எப்பிடிப் போன?"

"இப்ப எல்லாம் ஈமெயில்லதானே போகுது."

"அப்ப நீங்க ஒருக்காக் கதைச்சுப் பாருங்களன். நீங்க சொன்னா அந்தத் தம்பி கேப்பாரு. முட்டையத் தூக்கி ஒரு கூடையில வெக்கட்டும். குருவிக்கு ஏலாட்டி நான் வந்து அடைகாக்கிறன்."

சரீப் சிரித்துவிட்டார். "மூணு ஏக்கருக்கு மூணு கூடு. நல்ல வெலதான்."

றிப்தியும் சிரித்தான். எத்தனை கூடு என்று சரீப் சொன்ன கணக்கு சரியாயிருந்தது. ஊருக்குள் அவ்வளவு தூரம் கதை வந்துவிட்டிருந்தது. பெயர் ஒன்றுதான் இன்னும் வரவில்லை.

"சரி, கேட்டுப் பாக்கிறன்," என்று கைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். இருவரும் பார்க்கும்படி காதில் வைத்தான். எந்த இலக்கத்தையும் அழுத்தவில்லை.

"ஓம் தம்பி... ஓம்... எனக்கு விளங்குது... வயல்காரங்க பாவம்தானே... மேலிடமா... சரி, சரி."

அழைப்பே இல்லாத கைபேசியோடு ஒரு நிமிடம் கதைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் கட்டாயம் எண்டுறாங்க. மேலிடத்து ஓடராம்."

"நீங்க கேட்டுப் பாத்திட்டீங்கதானே," என்றாள் முஸ்பிறா. அவன் முகத்தில் வாட்டம் கண்டு, "நீங்க மனசை விடாதீங்க. அல்லாஹ் நாடினது நடக்கும். நாளைக்கி உங்கட அலுவலப் பாருங்க," என்றும் சொன்னாள்.

திரும்பவும் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அவன் கட்டிலில் போய் உட்கார்ந்து தூரக்கண்ணாடியின் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்துத் துடைத்து, அதில் ஒரு தூசியும் இல்லாமல் ஆன பிறகும் துடைத்தான்.

*

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் களப்புக் கரையில் ரோசா மினிபஸ் வந்து நின்றது. மழை விட்டிருந்தது. வாடைக்காற்று மட்டும் விடவில்லை.

பதினான்கு பேர் இறங்கினார்கள். முக்காலிகள், நீளக் குழாய்க் கமராக்கள், பச்சைத் தொப்பிகள். கடைசியாகக் கலாநிதி யசோதினி. ஒல்லியான உருவம், நரைத்த குட்டை முடி. கழுத்தில் பழைய தூரக்கண்ணாடி.

"நல்ல பறவை இருக்குதெண்டு பூநாரைப் படமெல்லாம் அனுப்பினீங்கள். பதினொரு மணித்தியாலப் பயணம், றிப்தி. ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை," என்றார் சிரித்தபடி.

"இன்ஷா அல்லாஹ் மேடம், இன்னும் அஞ்சு நிமிஷத்தில காட்டுறன்."

காவற்கோபுரத்தில் ஏறினார்கள். பதினான்கு தூரக்கண்ணாடிகளும் ஒன்றாய் உயர்ந்தன.

களப்பு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே தண்ணீர். கலங்கிய, பழுப்பு நிறத் தண்ணீர். கரையோரத் தாழைகள் கழுத்து வரை அமிழ்ந்து நின்றன. ஒரு மின்கம்பத்தில் இரண்டு நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. தூரத்தில் ஒரு கொக்கு.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அரை மணி.

"அந்தா," என்று ஒருவர் கத்தினார். எல்லாக் கமராக்களும் திரும்பின. தண்ணீரில் மிதந்து வந்தது ஒரு வெள்ளைப் பொலித்தீன் பை.

"இதையும் பட்டியலில எழுதட்டுமா?" என்று இன்னொருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அரைக் கை பெனியன் போட்ட ஒரு பெரியவர் பஸ்ஸுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

"உள்ளுக்கு நிக்கும் மேடம். வள்ளத்தில போனாத் தெரியும்," என்றான் றிப்தி. அவனுடைய குரல் அவனுக்கே புதிதாய்க் கேட்டது.

வள்ளக்காரர் சீனித்தம்பி. களப்புக்கரையிலேயே பிறந்து, இறால் பிடித்து வளர்ந்தவர். ஆறு வருடமாய் ஞாயிற்றுக்கிழமைகளில் றிப்தியை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறவர். யசோதினியும் றிப்தியும் ஏறினார்கள். சீனித்தம்பி தண்டை ஊன்றினார். வழக்கமாய் இரண்டு முழத்தில் தரை தட்டும் இடத்தில் தண்டு முழுதாய் இறங்கியது.

ஒரு மணி நேரம் சுற்றினார்கள். யசோதினியின் குறிப்புப் புத்தகத்தில் ஆறு வரி விழுந்தது. ஆறில் ஒன்று காகம்.

"றிப்தி, நீங்கள் அனுப்பின படங்களை ஒருக்கால் காட்டுங்கோ," என்றார் அவர்.

கைபேசியைக் கொடுத்தான். அவர் ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்த்தார். பூநாரைகள், கூழைக்கடாக்கள், உள்ளான்கள். எல்லாப் படத்திலும் பறவை மட்டும். மிச்சத்தையெல்லாம் அவன் அழகுக்காக வெட்டி எடுத்திருந்தான். ஒரேயொரு படம் வெட்டாமல் கிடந்தது. அதைப் பெரிதாக்கினார். பூநாரையின் காலடியில் கறுப்புச் சேறு. சேற்றில் கோடுகோடாய்க் காலடித் தடங்கள். கணுக்கால் அளவு தண்ணீர்.

"இது வாய் வெட்டின பிறகு எடுத்ததோ?"

"தெரியல்ல மேடம். போன வருசம், தை மாசம்."

"வாய் வெட்டிப் பத்தாம் நாள்," என்றார் சீனித்தம்பி, தண்டை ஊன்றியபடி, யாரையும் பார்க்காமல். "வழமையா மார்கழிக்குள்ள வெட்டிருவாங்க. சேர் தைப்பொங்கல் முடிஞ்சாப் பிறகுதான் வருவாரு. அப்ப தண்ணி வத்திச் சேறு தெரியும். சேறு தெரிஞ்சாத்தானே அதுகளுக்குத் தீன். இந்த வெள்ளத்தில வந்து அதுகள் நீந்தவா?"

"போன ஞாயிறு நிண்டிச்சே," என்றான் றிப்தி. "நான் கண்டனே."

"போன ஞாயிறு பகல் மழை பெய்யல்லியே சேர். களப்பு வத்திக் கிடந்தது. திங்கள் தண்ணி ஏறிச்சு, செவ்வாய் எல்லாம் எழும்பிட்டு. செவ்வாய் பின்னேரம் ஒரு குருவி இல்ல."

செவ்வாய் பின்னேரம். அந்த நேரத்தில்தான் அவன் மழைக்கோட்டுக்குள் கடிதத்தோடு அலுவலகத்தில் நின்றான். கோபுரம் அங்கிருந்து இருநூறு அடி. ஏறிப் பார்க்கவில்லை.

"பெக்கோ வந்தா எல்லாம் பறக்கும். போன வருசம் கண்ணால கண்டனே," என்றான். சொல்லும்போதே அது ஒரு பிள்ளையின் வாதம் போலிருந்தது.

"பறந்துதுதான். அடுத்தநாள் இரட்டிப்பா வந்து இறங்கிச்சு. நீங்க திங்கக்கிழமை பள்ளிக்குப் போயிட்டீங்க."

"ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல்ல, சீனித்தம்பி அண்ணன்?"

சீனித்தம்பி தண்டை நிறுத்தினார். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க கேக்கல்லியே சேர். ஆறு வருசமா நீங்கதானே எனக்குக் குருவிட பேரெல்லாம் சொல்லித் தாறீங்க."

யசோதினி குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

*

கரை சேர்ந்தபோது பவிதரன் காத்து நின்றான். இஸ்திரி போட்ட சீருடை, கையில் கோப்பு. முகத்தில் இந்தக் காலையில் அவன் ஒருவனுக்குத்தான் மலர்ச்சி.

"மேடம், பறவை குறைவுதான். ஆனா ஒரு நல்ல விசயம் இரிக்கு. கட்டாயம் பாக்கணும். நாலு நாளா நாங்க பாதுகாத்து வெச்சிரிக்கம்."

றிப்தி முந்திக்கொண்டு பவிதரனுக்குக் குறுக்கே வந்தான்.

"மேடம் களைச்சிருப்பாங்க. சாப்பிட்டுப் பிறகு பாப்பம்..."

"பரவாயில்லை, ஒண்டையெண்டாலும் பாத்திட்டுப் போவம்," என்று யசோதினி நடக்கத் தொடங்கிவிட்டார். மிச்சப் பேரும் கமராக்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.

மணல்மேட்டில் நாலு கம்பு நட்டு, சுற்றிவரச் சிவப்பு நாடா. காற்றில் அது படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு பலகையில் பவிதரனின் குண்டு எழுத்து: 'முட்டைகள் உண்டு. தயவுசெய்து உள்ளே வர வேண்டாம்.'

நாடாவுக்கு வெளியே இருபது, இருபத்தைந்து வயல்காரர்கள் குந்தியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெக்கோ, இயந்திரம் அணைத்தபடி. அதற்குப் பக்கத்தில் சரீபின், பெட்டி பூட்டிய லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். பாதையில் தண்ணீர் நின்றதால் ஓட்டோ வரவில்லை. முஸ்பிறா லேன்ட்மாஸ்டர் பெட்டியில் உட்கார்ந்து, நெய்ச்சோற்றுச் சட்டிகளை மடியால் அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் வட்டிலப்பப் பாத்திரம். வழியில் அவள் வயலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் விருந்தாளிகளைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்து, சிரித்து, ஸலாம் சொன்னாள்.

"எங்க கூடு?" என்று கேட்டார் யசோதினி.

"நான் கிட்டப் போகல்ல மேடம். ஆள் வாடை படக்கூடாதுதானே," என்றான் பவிதரன். பெருமையோடு திரும்பினான். "கண்டவர் சேர்தான். சேர், நீங்களே காட்டுங்களன்."

கடல் இரைந்தது. நாடா படபடத்தது. குந்தியிருந்தவர்கள் ஒவ்வொருவராய் எழும்பினார்கள்.

"என்ன பறவை?" யசோதினி றிப்தியைக் கேட்டார்.

"ஆலா," என்று பவிதரன்தான் சொன்னான்.

"தை மாசத்திலயோ?" அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கரையில ஆலா முட்டையிடுறது சித்திரைக்குப் பிறகு. இப்ப இடாது, தம்பி. ஆர் சொன்னது?"

"சேர் எழுதித் தந்தவர் மேடம். மூணு கூடு எண்டு." பவிதரன் கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினான். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கு அப்போதும் விளங்கவில்லை.

கடிதம் யசோதினியின் கையிலிருந்து சரீபின் கைக்குப் போனது. சரீப் வாசித்தார். உதடு அசைந்தது. மச்சானை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தங்கச்சியிடம் நீட்டினார்.

"உனக்குத்தான் புள்ள இந்தக் கையெழுத்துத் தெரியும்."

முஸ்பிறா வட்டிலப்பப் பாத்திரத்தை லேன்ட்மாஸ்டர் பெட்டியில் பத்திரமாய் வைத்தாள். கையைத் துடைத்தாள். வாங்கி முழுக்க வாசித்தாள், திகதி வரைக்கும்.

"நேத்து ஆரோட கதைச்சீங்க?" என்று கேட்டாள்.

றிப்தி வாயைத் திறந்தான். பறவைகளுக்காக, களப்புக்காக, ஊரின் பெயருக்காக என்று நாலு நாளாய்ச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் இருந்தன. எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"முற்றத்தில நிண்டு. போனில. ஆரோட?"

"ஆரோடயும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள், ஒரு கணக்குச் சரிவந்துவிட்டது போல. கடிதத்தை நாலாய் மடித்து பவிதரனிடம் கொடுத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சிவப்பு நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள்.

யாரும் தடுக்கவில்லை. பவிதரன்கூட.

அவள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். வயலில் களை பார்க்கிறவள் மாதிரி, குனிந்து, ஓர் அடியும் விடாமல்.

"ஒரு முட்டையெண்டாலும் இரிந்தாச் சொல்லுங்க," என்றாள் மணலைப் பார்த்தபடியே. "மிதிக்காமப் போறன்."

கடைசி மூலைக்கு வந்து நிமிர்ந்தாள்.

"காக்கா, வெட்டச் சொல்லுங்க. வாற ஆக்களுக்குச் சாப்பாட்டைக் குடுங்க, ஆறப்போகுது. அவங்க என்ன பிழை செஞ்ச."

பெக்கோ உறுமியது. பவிதரன் தன் கையாலேயே நாடாவை அறுத்தான். முக்கால் மணி நேரத்தில் முதல் வெட்டு கடலைத் தொட்டது. நாலு நாள் தேங்கிய தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது, மணல் சுவர்கள் பொத்துப்பொத்தென்று விழுந்தன. கொழும்புக்காரர்கள் ஓடிவந்து படமெடுத்தார்கள். பதினொரு மணித்தியாலப் பயணத்துக்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே படம் அதுதான். நெய்ச்சோறு நன்றாயிருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று மணி வரை இருந்த பயணத்தைப் பதினொன்றரைக்கே முடித்துக்கொண்டு ஏறினார்கள்.

யசோதினி பஸ் படியில் நின்று றிப்தியைப் பார்த்தார். பிறகு ஏறிவிட்டார்.

அந்த வாரம் கொழும்புச் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் பயணக்குறிப்பு வந்தது. தாழங்களப்புக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். 'குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை.' றிப்தியின் பெயர் எங்கும் இல்லை. அது அவர் காட்டிய இரக்கமாக இருக்கலாம்.

*

முஸ்பிறா சண்டை பிடிக்கவில்லை. வீட்டைவிட்டுப் போகச் சொல்லவுமில்லை. வீடு அவளுடையது, சொல்லியிருந்தால் அவன் போயிருக்க வேண்டும். சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள். இரண்டு போகமாய்க் கடையில் வாங்கிய அரிசிதான் சோறு, இந்தப் போகத்துக்கும் அதுதான். இனி வயல்வட்டைக் கூட்டத்தில் அவனுக்குப் பதிலாக அந்த வயலுக்குச் சரீபே கையெழுத்து வைப்பார் என்பதையும் அவனுக்குச் சொன்னது அவளல்ல, தேநீர்க் கடைக்காரர்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சுபஹுத் தொழுதுவிட்டு வந்தவனிடம், "வாங்க, வயலுக்குப் போவம்," என்றாள். "தூரக்கண்ணாடியையும் எடுங்க."

வழி நெடுக அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால் அவனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வரம்பில் ஏறியதும் அழுகல் வாடை முகத்தில் அடித்தது. மூன்று ஏக்கரும் சேற்றோடு சேறாய்ச் சாய்ந்து கிடந்தது. குடலைகள் வெடிக்காமலே கறுத்துப்போயிருந்தன. அவள் ஒன்றைப் பிடுங்கி, நகத்தால் கீறி, பிரித்துக் காட்டினாள். உள்ளே பிசுபிசுத்த பழுப்பு நிறம்.

அதற்கப்பால் வற்றிய களப்பு. கறுத்த சேறு வெயிலில் மினுங்கியது. சேறு முழுக்கப் பறவைகள். பூநாரைகள் ஒரு நீண்ட இளஞ்சிவப்புக் கோடாய், ஐந்நூறா, அறுநூறா. தாராக்கள் கரும்புள்ளிகளாய். உள்ளான்கள் கூட்டங்கூட்டமாய் எழுந்து, ஒன்றாய்த் திரும்பி, ஒன்றாய் இறங்கின. ஆறு வருடத்தில் அவன் இப்படிக் கண்டதில்லை.

அவற்றில் ஒரு கூட்டம் வரம்பைத் தாண்டி முஸ்பிறாவின் வயலுக்குள்ளும் வந்து இறங்கியிருந்தது. நெடுங்கால் உள்ளான்கள். சிவந்த குச்சிக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, அழுகிய நெல்லுக்குள் அலகை விட்டுப் புழுப் பொறுக்கின. அவளைக் கண்டு பயப்படவுமில்லை.

றிப்தியின் கை தன்னையறியாமல் தூரக்கண்ணாடியைத் தூக்கியது. பாதியில் நின்றது.

"பாருங்க," என்றாள் முஸ்பிறா. "இதுக்குத்தானே. எண்ணுங்க."

"முஸ்பிறா..."

"எண்ணிக் கொழும்புக்கு எழுதுங்க. இந்தத் தரம் பொய்யில்லாம எழுதலாம். என்ட வயலுக்குள்ள நிக்கிறதையும் சேத்து எழுதுங்க."

அவள் வரம்பில் குந்தினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கூலிக்காரன் வேலை முடிக்கும்வரை காத்திருக்கிறவளைப் போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தொன்பதில் ஒரு பறவை எழும்பிப் போய் வேறிடத்தில் இறங்கியது. கணக்குத் தப்பிவிட்டது.

"திரும்ப எண்ணுங்க," என்றாள் அவள். "இண்டைக்கி லீவுதானே."